கடைக் கணக்குப் பார்க்கிறோம், வீட்டு மீற்றரைப் பார்க்கிறோமா?

கடையில் ஒரு கிலோ ஆணி குறைந்தாலும் ஸ்டொக் எடுக்கும்போது கண்டுபிடித்து விடுகிற ஆள் நான். எந்த லொறியில் எத்தனை பக்கெட் சீமெந்து வந்தது, எந்தப் பாஸ் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். ஆனால் வீட்டுக்கு மின்பட்டியல் வந்தால் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்ப்பேன், யாரையாவது இரண்டு வார்த்தை ஏசுவேன், கட்டிவிடுவேன். வாசகர்களான உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

வீட்டில் மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனப்படுத்துவது பற்றி வர்த்தகப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது, அது பெண்கள் பக்கத்துக்குரிய விஷயமல்லவா என்று சிலர் கேட்கலாம். வீட்டுச் செலவும் கடைப் பெட்டியிலிருந்துதான் போகிறது. மாதம் பத்தாயிரம் ரூபா இலாபமாகக் கூட்டுவதற்கு எவ்வளவு சரக்கு விற்க வேண்டும் என்பது வியாபாரம் செய்கிறவனுக்குத் தெரியும். அதே தொகையில் ஒரு பகுதி வீட்டுக் கூரைக்கு மேலே சத்தமில்லாமல் வழிந்து போகிறது என்பதுதான் தெரிவதில்லை. எனக்கும் 2023 வரை தெரியாது. அது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் வந்தால் போதும் என்றிருந்தோம். வந்த பிறகு அதன் விலை வந்தது. அந்த வருடம் ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் உயர்ந்தது. ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். அந்த வருட நோன்பு மார்ச் கடைசி வாரத்தில் ஆரம்பித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் எங்கள் வீட்டுப் பட்டியல் வந்தது: 221 அலகு. வழமையாக 165, 170க்குள் நிற்கும் வீடு.

முதலாவது ஸஹரிலேயே சட்டம் போட்டேன். ஆளில்லாத அறையில் பல்ப் எரியக் கூடாது. டீவி தராவீஹுக்குப் பிறகு கிடையாது. பேன் தேவையில்லாமல் சுழலக் கூடாது, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஓப் பண்ண வேண்டும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் களுத்துறை மாவட்டத்துக் கரையோரம். மார்ச், ஏப்ரல் மாத இரவுகளின் புழுக்கம் அங்கே எப்படியிருக்கும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

நோன்பு பத்தோ பதினொன்றோ இருக்கும். இரவு மூன்று மணி போல் எழும்பினேன். உம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 76 வயது.

"ஏன் உம்மா பேன் போடல்ல?"

"நீங்கதானே மகன் சொன்னீங்க, யுனிட் கூடுதென்டு."

அன்று ஸஹர் சாப்பாடு எனக்குச் சரியாக இறங்கவில்லை. கடைக்குப் போய் முதல் வேலையாக பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு மிக இலேசானது. பொருளின் வொட் அளவை அது ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அலகு வரும். உம்மாவின் பேன் பழைய வகை, 70 வொட். எட்டு மணித்தியாலம் ஓடினால் அரை அலகுக்குச் சற்று மேலே. மாதத்துக்கு 17 அலகு. என் பட்டியலில் கூடியிருந்தது ஐம்பதுக்கும் மேல். அப்படியானால் மீதி எங்கே? வீட்டில் அத்தனை பேனையும் ஓப் பண்ணி, பிள்ளைகளை ஏசி, உம்மாவை வேர்வையில் உட்கார வைத்தும் அடுத்த பட்டியல் 219இல் வந்து நின்றது.

கண்டுபிடித்தது மனைவிதான். "ராவு ரெண்டு மணிக்கு மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது. அந்த நேரத்தில ஆரும் தண்ணி திறக்கல்லியே" என்றார். எங்கள் வீட்டில் கிணறு. ஒரு குதிரை வலு மோட்டார். கூரைக்கு மேல் ஆயிரம் லீற்றர் டேங்கி. தண்ணீர் குறைந்தால் தானாக ஓடி, நிரம்பினால் தானாக நிற்கும் சுவிட்ச் ஒன்றை நானே கடையிலிருந்து கொண்டுபோய்ப் பூட்டியிருந்தேன். வசதிக்குத்தான். அந்த வசதிதான் கண்ணையும் மறைத்தது. முன்பென்றால் டேங்கி காலியானால் யாராவது கத்துவார்கள், ஒருவர் போய் சுவிட்ச் போடுவார், இன்று ஏன் இரண்டாந்தரம் என்று ஒரு கேள்வி வரும்.

அன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரின் சுவிட்சை ஓப் பண்ணிவிட்டு டேங்கிக்குள் தண்ணீரின் மட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஸஹருக்கு எழும்பிப் பார்த்தால் கோட்டுக்கு மூன்று விரல் கீழே நிற்கிறது. பிளம்பிங் பாஸ் வந்து பார்த்தார். இரண்டு குளியலறைகளிலும் ப்ளஷ் டேங்கின் அடி வொஷர் தேய்ந்து, கொமட்டின் பின் சுவரோடு ஒட்டி நூல் மாதிரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமும் இல்லை, நிலத்தில் ஈரமும் இல்லை. அதற்கு மேல் கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் ஒரு இணைப்பு காற்றை இழுத்ததால் மோட்டார் பாதி வலுவோடுதான் தண்ணீர் ஏற்றியது. ஒரு டேங்கி நிரம்ப ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நாளுக்கு ஒரு டேங்கி வீணாக நிரம்பினாலே மாதத்துக்கு 40 அலகளவு வந்துவிடுகிறது.

நான் ஹாட்வெயார் கடைக்காரன். அந்த வொஷர் என் கடையில் கயிற்றில் கோர்த்துத் தொங்குகிறது. வருடத்துக்கு இருநூறாவது விற்பேன்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்துக்கொண்டு ஏசுகிறோம். எரியும் பல்ப் தெரிகிறது, சுழலும் பேன் தெரிகிறது. ஆனால் மீற்றரை ஓட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை: சூடாக்குகிறவை, குளிராக்குகிறவை, தண்ணீர் ஏற்றுகிறவை. ஒரு 9 வொட் எல்ஈடி பல்ப் இரவு முழுக்கப் பத்து மணித்தியாலம் எரிந்தால் செலவாவது 0.09 அலகு. ஒரு லீற்றர் தண்ணீரை மின்கேத்தலில் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 அலகு வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பிள்ளை பல்பை மறந்ததற்குச் சத்தம் போடுகிற நாம், இரண்டு கோப்பை பிளேன்டீக்காகக் கேத்தல் நிறையத் தண்ணீர் கொதிப்பதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பழைய காலத்து பிளாஸ்க் ஒன்று மேசையில் இருந்தால் அந்தச் செலவு பாதியாகும்.

பல்ப் விஷயத்தில் செய்ய வேண்டியது ஒரு தரம் செய்வதுதான். இன்னும் 60 வொட் குண்டு பல்ப் தொங்குகிற வீடுகள் இருக்கின்றன, பெரும்பாலும் களஞ்சிய அறையிலும் பின் விறாந்தையிலும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் அது மாதத்துக்கு 9 அலகு, அந்த இடத்தில் 9 வொட் எல்ஈடி போட்டால் ஒன்றேகால், ஒன்றரை அலகுக்குள். மாற்றிவிட்டு மறந்துவிடலாம். தினமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அயன் பண்ணுவது அப்படியல்ல. அது பழக்கம். எங்கள் வீட்டில் காலையில் எனக்கொரு ஷேர்ட், அதன் பிறகு மூத்தவனுக்கு யூனிபோர்ம், அரை மணி கழித்து மகளுக்கு. ஒவ்வொரு தரமும் ஆயிரம் வொட் பெட்டி குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு தரம், ஒரு கிழமைக்குரியதை ஒன்றாக. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

குளிக்கச் சுடுநீர் வைக்கும் ஹீற்றர் இன்னும் பெரிய கை. 3500 வொட் ஹீற்றர் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஓடினால் அரை அலகுக்கு மேல் போகிறது. நான்கு பேர் தினமும் குளித்தால் மாதத்துக்கு 70 அலகு. கண்டியிலும் நுவரெலியாவிலும் உள்ளவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அங்கே குளிர். ஆனால் கொழும்பிலும் கரையோரத்திலும், வேர்த்துக் கொட்டுகிற ஊரில், புது வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு ஹீற்றர் என்று என்னிடம் வந்து வாங்குகிறார்கள். நான் விற்கிறேன். விற்றுவிட்டு இதை எழுதுவதைச் சிலர் குறை சொல்லலாம்.

அடுத்தது நம்மவர் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம், உழ்ஹிய்யா இறைச்சிக்கென்று வைத்திருக்கும் டீப் பிரீசர். கடையிலோ ஹோட்டலிலோ பாவித்து ஒதுக்கிய பழைய பிரீசர் வீட்டுக்கு வரும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நிறைக்கப்படும். மூன்று மாதத்தில் முக்கால்வாசி முடிந்துவிடும். மிச்சம் இரண்டு பார்சல் இறைச்சிக்காகவும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்காகவும் அது அடுத்த ஹஜ்ஜு வரை இரவு பகலாக ஓடும். பழைய பிரீசர் ஒன்று நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை அலகு வரை எடுக்கும். எங்கள் வீட்டில் இருந்தது மாதத்துக்கு 40 அலகு எடுத்தது. அந்தச் செலவை உள்ளே இருந்த ஐந்து கிலோ இறைச்சியில் ஏற்றிப் பார்த்தேன். அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வேண்டும்போது புதிதாக இறைச்சி வாங்குவது இலாபம். இறைச்சியைச் சமைத்தோம், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம், பிரீசரின் பிளக்கைக் கழற்றினோம். அடுத்த பெருநாளைக்கு முன்னால் பூட்டினால் போதும்.

பிரிட்ஜை அப்படி நிறுத்த முடியாது. ஆனால் அதன் கதவு ரப்பரைச் சோதிக்கலாம். ஒரு நூறு ரூபா நோட்டைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் இறுக்கமில்லை, குளிர் வெளியே போகிறது. நோன்பு காலத்தில் கஞ்சிச் சட்டியைச் சூட்டோடு உள்ளே தள்ளுகிற வழக்கமும் உண்டு. ஆறவிட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இனிப் பட்டியலைப் பார்ப்போம். இதை வியாபாரிகள் மற்றவர்களை விட நன்றாக விளங்கிக்கொள்வார்கள். மின்சாரத்தில் எல்லா அலகும் ஒரே விலையில்லை. வீட்டுப் பாவனைக்குப் படிமுறையாகத்தான் கட்டணம், மேலே போகப் போக அலகின் விலை கூடும். 2022 ஓகஸ்டுக்கு முன்பிருந்த அட்டவணையில், 60 அலகுக்கு மேல் பாவிக்கும் வீட்டுக்கு, முதல் 60 அலகும் அலகொன்று 7 ரூபா 85 சதம். 61 முதல் 90 வரை 10 ரூபா. 91ஆவது அலகு 27 ரூபா 75 சதத்துக்குத் தாவியது. 180ஐத் தாண்டியது 45 ரூபா. முதல் அலகுக்கும் கடைசி அலகுக்கும் ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம். அதன் பிறகு விலைகள் பல தடவை மாறிவிட்டன. கூடிய பாவனைக்குக் கூடிய விலை என்ற முறை மாறவில்லை.

இதன் பொருள் என்ன? நீங்கள் குறைக்கிற அலகு எப்போதும் உச்சிப் படியின் அலகு, ஆகக் கூடிய விலையுள்ளது. 195 அலகு பாவிக்கிற வீடு 20 அலகைக் குறைத்தால் பாவனையில் பத்தில் ஒன்றுதான் குறைகிறது, ஆனால் பில்லில் அதை விடக் கூடுதலாகக் குறையும். நமக்கு மொத்த வியாபாரத்தில் சரக்குக் கூடக் கூட விலை குறைந்தே பழக்கம். மின்சாரத்தில் அது தலைகீழ். ஆகவே உங்கள் பட்டியலில் எத்தனை அலகு, எந்தப் படியில் நிற்கிறீர்கள், அதற்குக் கீழ்ப் படிக்கு எத்தனை அலகு தூரம் என்று பாருங்கள். கடைசி வரித் தொகையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

"சல்லி இருக்கு, கட்டுறோம், ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். வசதியுள்ளவர். அவருடைய சல்லியைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடும் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாட்டின் மின் தேவை உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரத்தை ஈடுகட்ட எண்ணெய் எரித்து இயக்கும் நிலையங்கள் தேவைப்படுகின்றன, அந்த எண்ணெயைக் கொண்டுவர டொலர் வேண்டும். 1996இலும் 2001, 2002இலும் மழையில்லாமல் மின்வெட்டு வந்தது. 2022இல் டொலர் இல்லாமல் வந்தது. அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றவர்களில் அந்த நண்பரும் ஒருவர். கடை அடைத்த பிறகு வீட்டில் அயனையும் மோட்டாரையும் வொஷிங் மெஷினையும் அந்த நான்கு மணித்தியாலத்துக்குள் திணிக்காமல் இருப்பது சல்லி உள்ளவருக்கும் முடியும்.

சோலர் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று வேறு சிலர். 2016 செப்டெம்பரில் கூரைச் சூரியசக்தித் திட்டத்தை அரசு தொடங்கிய பிறகு நம் வர்த்தகர்கள் பலர் போட்டார்கள், நல்லதுதான். ஆனால் ஓட்டை டேங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் சேர்த்து எத்தனை கிலோவொட் என்று அளவெடுத்துச் சோலர் போடுவது, எலி தின்கிற அரிசிக்கும் சேர்த்துக் களஞ்சியம் கட்டுவது போல. முதலில் வீணாவதை நிறுத்துங்கள். அதன் பிறகு சிறிய சோலரே போதுமாக இருக்கலாம்.

இன்னொரு சாமானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிளக்கில் குத்தி வைத்தால் கரண்ட் பில் 30, 40 வீதம் குறையும் என்று சொல்லி ஒரு சிறிய பெட்டி சந்தையில் விற்கப்படுகிறது. 2022 கடைசியில் நானும் ஒரு காட்டன் எடுத்தேன். நல்ல மார்ஜின். ஒரு ஆசிரியர் வாங்கிப் போய், இரண்டு மாதப் பட்டியலையும் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். ஒரு அலகும் குறையவில்லை. குறையாது என்பதைப் பிறகு ஒரு மின் பொறியியலாளர் எனக்கு விளங்கப்படுத்தினார். அதற்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சிறிய விளக்கும். வீட்டு மீற்றர் அளப்பது உண்மையாகச் செலவாகும் வலுவை. கெப்பாசிட்டர் அதைத் தொடாது. விற்ற ஒன்பது பேரில் ஏழு பேரைத் தேடிப் பிடித்துச் சல்லியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேர் யாரென்று இன்றும் தெரியாது. இதைப் படிக்கும் சக கடைக்காரர்கள், உங்கள் ராக்கையில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். கிணறுள்ள வீட்டில் தண்ணீர் இலவசம் என்று நாம் நினைக்கிறோம். எனக்கு வந்த 221 அலகு அந்த இலவசத்தின் விலை. குழாய் நீர் எடுப்பவர்களுக்கு இரட்டைச் செலவு. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் நீர்க் கட்டணமும் உயர்ந்தது. அதுவும் படிமுறைதான். ஒரு அலகு என்பது ஆயிரம் லீற்றர். கீழே தொட்டியில் பிடித்து மேலே ஏற்றுகிற வீடானால் நீர்ப் பட்டியல் ஒரு பக்கம், மோட்டார் மறு பக்கம். செக்கனுக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளுக்கு 20 லீற்றர், மாதத்துக்கு 600 லீற்றர். ப்ளஷ் டேங்க் கசிந்தால் நாளுக்கே பல நூறு லீற்றர்.

அதைச் சோதிக்கக் காசு செலவில்லை. புரியாணிக்குப் போடும் கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகையை ப்ளஷ் டேங்குக்குள் கரைத்துவிட்டு இருபது நிமிடம் யாரையும் பாவிக்க விடாதீர்கள். கொமட்டுக்குள் மஞ்சள் நிறம் இறங்கியிருந்தால் வொஷர் போய்விட்டது. குழாய் நீர் வீடானால் இஷாவுக்குப் பிறகு, எல்லோரும் படுக்கும்போது, நீர் மீற்றரின் இலக்கத்தை எழுதி வைத்து சுபஹுக்கு முன் பாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமல் இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது.

அடுத்தது வுளூ. குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு ஆறு லீற்றர் குறையாமல் வரும். இரண்டு நிமிடம் என்றால் 12 லீற்றர். ஆறு பேர், ஐந்து நேரம்: 360 லீற்றர். ஆயிரம் லீற்றர் டேங்கியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வுளூவுக்கே போகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுளூச் செய்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். முத்து என்பது இரண்டு கைகளும் சேர்த்து அள்ளும் அளவு, ஒரு லீற்றருக்கும் குறைவு. எங்கள் உம்மாமார் செம்பில் எடுத்துச் செய்தார்கள், அதில் இரண்டு லீற்றர் போவதில்லை. கிணற்றில் வாளியால் இறைத்த காலத்தில் கைவலி ஒரு மீற்றராக இருந்தது, யாரும் வீணாக்கவில்லை. குளியலறைக் குழாயின் வாயில் பூட்டும் சிறிய சல்லடை ஒன்று உண்டு, காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைவாக விடும். வுளூச் செய்கிற குழாய்களுக்கு மட்டும் அதைப் பூட்டினேன். பள்ளிவாசல் ஹவ்ளுப் பக்கத்துக் குழாய்களுக்கும் பூட்டலாம் என்று எங்கள் நிர்வாகசபையில் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது.

கட்டணம் 2024இல் இரண்டு தரம் குறைந்தது. 2025 ஜனவரியில் இன்னும் 20 வீதம் குறைந்தது. குறைந்த கையோடு பழைய பழக்கத்துக்குத் திரும்பிய வீடுகள் எனக்குத் தெரியும். அதே வருடம் ஜூனில் 15 வீதம் கூடியது. ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. எங்கள் வீட்டில் வொஷரும் குழாய் இணைப்பும் மாற்றிய மாதம் 172 அலகு வந்தது. பிரீசரை நிறுத்தி, அயனையும் கேத்தலையும் ஒழுங்குபடுத்திய பிறகு 118. மொத்தச் செலவு பாஸின் கூலியோடு ஆறாயிரம் ரூபாவுக்குள்.

மீற்றருக்குக் கீழே ஒரு சீஆர் கொப்பியை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மகள் இலக்கத்தை எழுதி, போன கிழமையின் இலக்கத்தைக் கழிக்கிறாள். கடையில் ஸ்டொக் எடுப்பது போலத்தான். வித்தியாசம் வழமையை விடக் கூடினால் என்ன நடந்தது என்று தேடுகிறோம். ஒரு தரம் அப்படித்தான் பின்வளவுத் தோட்டக் குழாயின் கசிவு பிடிபட்டது.

உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன மகன்" என்று சிரித்துவிட்டு வேறு கதை பேசினார். அவர் அறைக்கு 30 வொட்டில் ஓடும் புது வகைப் பேன் ஒன்றைப் பூட்டினேன். கடையில் அதன் விலை சாதாரண பேனை விடக் கூட, அதனால் நகராமல் கிடந்தது. இப்போது கேட்கிறவர்களுக்கு இரண்டையும் ஓட விட்டு, கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறது. உம்மாவுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், இரவு முழுக்க ஓடினாலும் கால் அலகுதான் என்று. தலையாட்டினார். ஆனாலும் தஹஜ்ஜுதுக்கு எழும்பும்போது அதை ஓப் பண்ணிவிடுகிறார். நான் போய்த் திரும்பப் போட்டுவிட்டு வருகிறேன்.